சகோதரி என்று அழைத்த வாய்

தண்டையார்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் ‘டோல்கேட்’ என்னும் இடத்தை நன்கறிவர். ஒரு காலத்தில் சுங்கம் தண்டிய வாயில் அது என்பதைப் பெயரே சொல்லுகிறது. வாயில் மறைந்துவிட்டது, பெயர் நிலைத்துவிட்டது. 2021ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மெட்ரோ இரயில் நிலையமும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது. எண்ணூரிலோ கத்திவாக்கத்திலோ திருவொற்றியூரிலோ இயந்திரத்தில் கை சிக்கிய தொழிலாளியை, சரக்குப் பெட்டக லாரியில் அடிபட்ட இளைஞனை, ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வண்டி இவ்வழியேதான் அலறிக்கொண்டு விரைகிறது. அந்த ஒலி கேட்கும்போதெல்லாம் வழியில் நிற்போர் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வதை நாம் கண்டிருக்கிறோம்.

அவ்வண்டியில் கிடப்பவனுடைய உயிர் இன்னும் சற்று நேரத்தில் இருவர் கைகளில் ஒப்படைக்கப்படும். ஒருவர் கத்தியைப் பிடிப்பவர். மற்றவர் அக்கத்தியை எடுத்துக் கொடுப்பவர். அவ்விருவருக்கும் இடையே நிலவும் உறவு எத்தகையது? அவர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசிக்கொள்கிறார்கள்? மயக்கத்தில் கிடப்பவன் அதனைக் கேட்கமாட்டான். ஆயினும் அந்த உரையாடலின் பலனை அனுபவிக்கப்போகிறவன் அவனே. ஆதலின் இதனை இரு பணியாளரிடையே உள்ள சொந்தப் பூசல் என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை.

நமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் பல ஆண்டுகள் அறுவை அரங்கில் பணியாற்றியவர். எந்த மருத்துவமனை என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஒரு நாள் வயிற்று அறுவை முடியும் தறுவாயில், குருதியை ஒற்றியெடுக்கும் ‘மாப்’ துணிகளை வழக்கம்போல் எண்ணினாராம். ஒன்று குறைந்தது. “சார், ஒரு மாப் குறையுது” என்றார். அறுவை மருத்துவர் தலை நிமிராமலே, “எண்ணக்கூடத் தெரியாதவளை எல்லாம் யார் தியேட்டருக்குள்ள விட்டது?” என்று சீறினார். அரங்கமே உறைந்து நின்றது. “தெரியலைன்னா மறுபடியும் எண்ணுறேன் சார். ஆனா தைக்காதீங்க” என்று சொல்லி, இவர் மீண்டும் எண்ணினார். அப்போதும் ஒன்று குறைந்தது. குடலின் பின்புறத்தில் குருதியில் ஊறி நிறம் மாறிக் கிடந்தது அத்துணி. மருத்துவர் அதை எடுத்துப் போட்டுவிட்டு ஒரு சொல்லும் பேசாமல் தைத்து முடித்தார்.

“அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, தைக்கத் தொடங்குமுன் என் முகத்தைப் பார்ப்பார்” என்றார் அந்த அம்மையார். சற்று நேரம் அமைதியாயிருந்தபின் மேலும் ஒன்று சொன்னார். “அன்றைக்குப் பேசிவிட்டேன். திட்டுக்குப் பயந்து பேசாமல் இருந்த நாட்களும் உண்டு. அவற்றை நினைத்தால்தான் இன்றும் உறக்கம் வருவதில்லை.”

அந்தக் கடைசிச் சொற்களே இக்கட்டுரைக்கு வித்து. ஒரு திறமையான பெண்ணின் வாயை அடைத்தது எது? ஒரு மருத்துவரின் முன்கோபம் மட்டுமா? அல்ல. அதற்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு.

பழிக்கப்பட்டவர் பழிப்பவரானார்

இன்று மருத்துவமனையில் அரசர்போல் நடந்து வரும் அறுவை மருத்துவர், பல நூற்றாண்டுகள் மருத்துவ உலகின் கடைக்கோடியில் நிறுத்தப்பட்டிருந்தார் என்பதைப் பலர் அறியார். 1215ஆம் ஆண்டில் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், குருக்களும் திருத்தொண்டர்களும் துணைத்திருத்தொண்டர்களும் அறுத்தலும் சுடுதலும் அடங்கிய மருத்துவத்தைச் செய்தலாகாது என விதித்தது. இரத்தம் சிந்தும் செயல் திருப்பணியாளருக்கு ஒவ்வாது என்பதே கருத்து. நூல் கற்ற மருத்துவர்களும் கத்தியைத் தொடுவதை இழிவாகவே எண்ணினர். அறுவைத்தொழில் பெரும்பாலும் முடிதிருத்துவோர் கைக்குச் சென்றது. இங்கிலாந்தில் 1540இல் இவ்விரு தொழிலாரும் ஒரே கழகமாக இணைக்கப்பட்டனர், 1745இல்தான் பிரிந்தனர். இன்றும் அந்நாட்டு அறுவை நிபுணர் ‘டாக்டர்’ என்று அழைக்கப்படாமல் ‘மிஸ்டர்’ என்றே அழைக்கப்படுவது அப்பழைய பிரிவினையின் எச்சம்.

நம் தமிழகத்திலும் கதை வேறன்று. முடிதிருத்தும் சமூகத்தார்க்கு ‘மருத்துவர்’ என்ற பெயரும், பேறுகாலம் பார்த்த அச்சமூகத்துப் பெண்டிர்க்கு ‘மருத்துவச்சி’ என்ற பெயரும் வழங்கின. கட்டியை அறுத்தவரும் குழந்தையை ஏந்தியவரும் அவர்களே. ஊரார் அவர்களிடம் உயிரை ஒப்படைத்தனர். ஆனால் திண்ணையில் சரிசமமாக உட்காரவிடவில்லை.

பின்னர் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. 1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து நோயாளியை மயங்கச் செய்து அறுவை செய்து காட்டினர். 1867இல் லிஸ்டர், கிருமிகளை ஒழிக்கும் அறுவை முறையை வெளியிட்டார். அதுவரை கத்தியின் வேகத்தையே நம்பியிருந்த அறுவை மருத்துவர், நிதானமாக வயிற்றையும் நெஞ்சையும் திறக்க வல்லவரானார். அவருடைய புகழ் வானளாவியது.

ஆயினும் இதில் நாம் கவனிக்கவேண்டிய மற்றொன்று உண்டு. 1846க்கு முன் அறுவை அரங்கில் உரத்து ஒலித்தது நோயாளியின் குரல். அந்த அலறல் கொடியதுதான். எனினும் அது ஒரு குரல். ‘போதும்’ என்றும் ‘வலிக்கிறது’ என்றும் அது சொல்லிற்று. ஈதர் வந்ததும் நோயாளி ஊமையானான். வலி நீங்கியது, வாயும் அடைபட்டது. அதன்பின் அரங்கில் தடையின்றி ஒலித்தது அறுவை மருத்துவரின் குரலே. மயங்கிக் கிடப்பவனுக்காகப் பேச யாரேனும் வேண்டுமே! அந்தப் பொறுப்பு அருகில் நிற்பவர்மேல் வந்து விழுந்தது. மயக்க மருத்துவரும் உதவி மருத்துவரும் செவிலியரும் மயங்கியவனின் நாவாயினர்.

மடத்திலிருந்து வந்த சொல்

நம் நாட்டு மருத்துவமனைகளில் செவிலியரை எல்லாரும் ‘சிஸ்டர்’ என்றே அழைக்கின்றனர். எம்மதத்தாராயினும் அவ்வாறே விளிப்பர். இச்சொல் துறவற மடங்களிலிருந்து வந்ததாகும். இலண்டனில் 1123இல் நிறுவப்பட்ட புனித பர்த்தலமேயு மருத்துவமனையில் அகுஸ்தீன் சபைச் சகோதரரும் சகோதரியரும் நோயாளரைப் பேணினர். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பின்னரும், அங்கே நோயாளரைக் கவனித்த பெண்களுக்குச் ‘சகோதரி’ என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. துறவு போயிற்று, அழைக்கும் பெயர் எஞ்சிற்று. ஆங்கிலேயரோடு கப்பலேறி அப்பெயர் சென்னைக்கும் வந்தது.

மடத்துச் சகோதரியர் அனைவரும் வாய்திறவாதிருந்தனர் என்று எண்ணிவிடலாகாது. பாரிஸ் மாநகரின் பழமையான ஓட்டல்-தியூ மருத்துவமனையில் 1780களின் இறுதியில் நடந்த பூசல் இதற்குச் சான்று. அங்கே உணவும் சாவியும் நோயாளர் அறையும் அகுஸ்தீன் சபை அன்னையரின் பொறுப்பில் இருந்தன. தலைமை அறுவை மருத்துவராய் வந்த தெசோ, நோயாளியின் உணவையும் அறை ஒழுங்கையும் தம் சொற்படியே நடத்த விரும்பினார். பசித்து வந்த ஏழைக்கு வயிறார உணவிடுவதே இறைத்தொண்டு என்றனர் சகோதரியர். அளவு மீறிய உணவு நோயை வளர்க்கிறது என்றார் மருத்துவர். இரு பக்கத்திலும் ஓரளவு நியாயம் இருந்தது. இரு பக்கத்திலும் பிடிவாதமும் இருந்தது. இருவரும் ஒரு மேசையில் அமர்ந்து பேசியிருந்தால் நோயாளிக்கு நலம் விளைந்திருக்கும். மாறாக, யார் பெரியவர் என்ற வழக்கே நீண்டது. நம் சபைச் சகோதரியரும் குற்றமற்றவர் அல்லர் என்பதை ஒளிக்காமல் சொல்லுவதே உண்மைக்கு அழகு.

1854 நவம்பர் 4ஆம் நாள் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 38 பெண்களோடு ஸ்கூட்டாரி படைமருத்துவமனையில் வந்திறங்கினார். அவர்களுள் பதின்மர் கத்தோலிக்கத் துறவியர். ஐவர் பெர்மாண்ட்சி இரக்கத்தின் சகோதரியர் மடத்தினர். அம்மடத்தின் தலைவி அன்னை மேரி கிளேர் மூர், பிற்காலத்தில் நைட்டிங்கேலின் வாழ்நாள் தோழியாக விளங்கினார். வந்தவர்களைப் படைமருத்துவர்கள் வரவேற்கவில்லை. பெண்கள் எதற்கு என்று முகம் திருப்பிக்கொண்டனர். நைட்டிங்கேல் கடுமையான முடிவு ஒன்றை எடுத்தார்: மருத்துவர் கேட்டுக்கொண்டாலன்றித் தம் பெண்கள் எந்த நோயாளியையும் தொடலாகாது. காயமுற்றோர் அருகிலேயே கிடக்க, இப்பெண்கள் துணி தைத்துக்கொண்டும் கட்டுத்துணிகளை ஆயத்தம் செய்துகொண்டும் காத்திருந்தனர். சில நாட்களில் இங்கர்மன் போரில் அடிபட்டோர் கப்பல் கப்பலாக வந்து குவிந்தனர். அப்போது மருத்துவர்களே இவர்களை நாடி வந்தனர்.

அந்தப் பொறுமையினால் செவிலியர்க்கு மருத்துவமனைக் கதவு திறந்தது. ஆனால் திறந்த கதவுக்குச் சுங்கமும் கட்டவேண்டியிருந்தது. கீழ்ப்படிதல் என்பதே அச்சுங்கம். படைமுகாமின் பதவி வரிசை மருத்துவமனைக்குள் புகுந்தது. அக்கால வீட்டு ஒழுங்கும் அதனோடு கலந்தது: மருத்துவர் தந்தை, செவிலி தாய், நோயாளி குழந்தை. தந்தை ஆணையிடுவார்; தாய் நிறைவேற்றுவாள்; குழந்தை வாய் பேசாது. இவ்வாறு ‘சகோதரி’ என்று அழைக்கப்பட்டவள் சகோதரியாக நடத்தப்படவில்லை. படைவீரனாகவும் பணிந்த மனைவியாகவும் நடத்தப்பட்டாள்.

கஞ்சித்தொட்டியும் கத்தியும்

நம் வட சென்னைக்கு வருவோம். ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொல்லக் கேட்டிருப்போம். 1782இல், ஐதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் மக்களை வாட்டியபோது, பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கும் சத்திரம் ஒன்று அங்கே எழுந்தது. மணியக்காரர் சத்திரம் என்பது அதன் பெயர். 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அதனைச் சார்ந்து ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். 1910இல் அரசு அதனை ஏற்று ராயபுரம் மருத்துவமனை ஆக்கியது. 1938 ஜூலை 2ஆம் நாள் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆர். வெங்கடசாமி அவர்கள் அங்கே வளர்த்தெடுத்த கைச் சீரமைப்பு அறுவைத் துறை, இயந்திரங்களில் கைவிரல்களை இழந்த எத்தனையோ தொழிலாளருக்கு மீண்டும் உழைக்கும் கையை அளித்தது.

இவ்வரலாற்றின் வரிசையை வாசகர் கருத்தூன்றி நோக்க வேண்டுகிறோம். முதலில் வந்தது கஞ்சி வார்த்த கை. கத்தி பிடித்த கை பின்னரே வந்தது. பசித்தவனுக்கு ஊட்டிய அந்தப் பெயரறியா மனிதர்கள், சொல்லப்போனால், அம்மண்ணின் முதல் செவிலியர். இன்றும் சீரமைத்த ஒரு விரல் உயிர் பிடித்ததா என்பதை இரவெல்லாம் விழித்திருந்து அதன் நிறத்தையும் வெம்மையையும் பார்த்துச் சொல்லுபவர் செவிலியரே. நள்ளிரவில் விரல் நீலம் பாரிக்குமாயின், அஞ்சாமல் மருத்துவரை எழுப்பும் துணிவு அவருக்கு வேண்டும். ‘இதற்கெல்லாமா எழுப்புவது?’ என்று முன்பொருநாள் வாங்கிய வசை அவர் நெஞ்சில் கிடக்குமாயின், அவர் விடியும்வரை காத்திருப்பார். விரல் காத்திராது.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டம் வந்தது. பதிவு பெற்ற தொழில் என்ற மதிப்பு அதனால் கிட்டியது. ஆயினும் சமுதாயத்தின் கண் மாறவில்லை. பிறர் உடலைத் தொடுவதும் குருதியையும் கழிவையும் துடைப்பதும் தீட்டு என்று எண்ணிய நாட்டில், உயர்குலத்தார் தம் பெண்களை இப்பணிக்கு விடவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறிஸ்தவப் பெண்களுமே பெரிதும் முன்வந்தனர். இரவுப்பணிக்குச் செல்லும் பெண்ணைப் பற்றி அக்கம்பக்கத்தார் தாழ்வாகப் பேசினர். இங்கிலாந்திலிருந்து வந்த படைப்பதவியும் வீட்டு ஒழுங்கும் போதாவென்று, நம் நாட்டுச் சாதியும் அறுவை அரங்கில் வந்து நின்றது. பெரும்பாலும் வசதியான குடும்பத்து ஆண்மகன் கத்தியைப் பிடித்தான். எளிய குடும்பத்துப் பெண் அதனை நீட்டினாள். அவன் அதட்டுவதற்கும் அவள் பொறுப்பதற்கும் அரங்கின் வெளியே இருந்த உலகமே பயிற்சி அளித்திருந்தது.

விடுதலைக்கு முன் நாட்டின் நல்வாழ்வை ஆராய்ந்த போர் குழு, 1946இல் தன் அறிக்கையை அளித்தது. 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவர். 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்று அது கணக்கிட்டது. அதாவது, ஏறத்தாழ ஏழு மருத்துவருக்கு ஒரு செவிலியர்! அரிய பொருளை மக்கள் போற்றுவர் என்பார்கள். இவர்கள் இத்தனை அரியவராயிருந்தும் போற்றப்படவில்லை. அண்மைக் காலத்திலும் தமிழக அரசு மருத்துவமனைகளில் 2015 முதல் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர் ஆயிரக்கணக்கில் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்து, நிலையான பணியும் ஊதியமும் கேட்டுப் போராடினர். வேலை நிலையற்றவள் எதிர்த்துப் பேச அஞ்சுவாள். ஆதலின் பண்பான பேச்சு என்பது நற்குணம் மட்டுமன்று, நீதியும் ஆகும்.

கத்தியும் செபமாலையும் ஒரே கையில்

நம் திருச்சபை இதில் என்ன செய்தது? நெடுங்காலம், துறவறச் சகோதரியர் மருத்துவராகப் பணிபுரிவதையும் பேறுகாலம் பார்ப்பதையும் திருச்சபைச் சட்டம் தடுத்து வந்தது. நம் நாட்டிலோ ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்கள் வீட்டுக்குள்ளேயே மடிந்தனர். ஸ்காட்லாந்து மருத்துவரான ஆக்னஸ் மெக்லாரன் அம்மையார் இதற்காக உரோமையின் வாயிலைப் பலமுறை தட்டினார். பலன் காணாமலே 1913இல் இறந்தார். அவர் வழி தூண்டப்பெற்ற ஆன்னா டெங்கல் 1925இல் மருத்துவ மறைபணிச் சகோதரியர் சபையைத் தொடங்கினார். ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி, சிறப்பு அனுமதி பெற்று 1920இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் துறவியாகி மருத்துவப் பணியும் ஆற்றினார். உள்ளூர்ப் பெண்களுக்குச் செவிலியர் பயிற்சி அளித்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் கழகத்தை நிறுவினார். 1957இல் பெங்களூரில் இறைவனடி சேர்ந்த அவரை, 2013இல் திருச்சபை ‘இறை ஊழியர்’ என்று அறிவித்தது.

1936 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். அன்றுதான் உரோமை அத்தடையை நீக்கியது. அதன்பின் ஒரே பெண் ‘சகோதரி’யாகவும் அறுவை மருத்துவராகவும் விளங்க முடிந்தது. ஆணையிடுபவர் ஒருவர், பணிபவர் மற்றொருவர் என்ற பழைய சுவரில் இது ஒரு பெரும் வாயில். கத்தியையும் செபமாலையையும் ஒரே கை பிடிக்கக்கூடுமாயின், அவ்விரு கைகளுக்குள் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது?

ஒரு கையுறையின் கதை

வசையின் வரலாற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது முழு உண்மையாகாது. செவிசாய்த்த அறுவை மருத்துவரும் உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 1889-90 குளிர்காலத்தில், வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவரிடம் அவருடைய அரங்கின் பொறுப்புச் செவிலி கரோலின் ஹாம்ப்டன் ஒரு குறையைச் சொன்னார். கிருமிகொல்லியாகப் பயன்பட்ட பாதரச உப்புக் கரைசல் தம் கைகளைப் புண்ணாக்குகிறது என்பதே அது. ‘பொறுக்க முடியாவிட்டால் வேறு வேலைக்குப் போ’ என்று அவர் சொல்லவில்லை. ரப்பர் நிறுவனம் ஒன்றுக்கு எழுதி, மெல்லிய கையுறைகளைச் செய்து தருவித்தார். பின்னர் உதவியாளரும் அணிந்தனர், மருத்துவரும் அணிந்தனர், நோயாளியின் புண்ணில் கிருமி சேர்வதும் குறைந்தது. இன்று உலகெங்கும் எவ்வுடலைத் திறந்தாலும் கையுறை அணிந்த கையே உள்ளே செல்கிறது. ஒரு செவிலியின் முறையீட்டுக்கு ஒரு மருத்துவர் காது கொடுத்ததால் மனிதகுலத்துக்குக் கிடைத்த கொடை அது. 1890இல் அவ்விருவரும் திருமணம் செய்துகொண்டனர் என்பது அக்கதையின் இனிய பின்குறிப்பு.

ஆயினும் இத்தகைய செவிசாய்ப்பு விதிவிலக்காகவே நின்றது. 1967இல் லெனார்டு ஸ்டைன் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர், மருத்துவரும் செவிலியரும் ஆடும் ஒரு ‘விளையாட்டை’ விளக்கி எழுதினார். செவிலி தனக்குத் தெரிந்ததை நேரே சொல்லக்கூடாது. மருத்துவர் தாமே கண்டறிந்ததுபோல் தோன்றும்படி சாடையாகச் சொல்லவேண்டும். நம் வார்டுகளிலும் இதனை எவரும் காணலாம். ‘இந்த மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்லத் தெரிந்தவர், ‘சார், நேத்துக் கொடுத்த மருந்தையே இன்னிக்கும் கொடுக்கட்டுமா?’ என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். குறிப்பறிந்தால் நோயாளி பிழைத்தான். அறியாவிட்டால் அவன் விதி. 1990இல் அதே ஸ்டைன், இவ்விளையாட்டைச் செவிலியர் கைவிடத் தொடங்கிவிட்டனர் என்று எழுதினார். நம் நாட்டில் எத்தனை பேர் கைவிட்டனர் என்பதை அவரவர் மனச்சான்றே சொல்லட்டும்.

அளந்து கண்ட உண்மை

கடுஞ்சொல் உள்ளத்தைப் புண்படுத்தும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது நோயாளியின் உடலையும் தாக்கும் என்பதை இக்காலத்து அறிஞர் அளந்தே காட்டியுள்ளனர். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இஸ்ரேல் நாட்டின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளைச் சேர்ந்த 24 மருத்துவக் குழுக்களுக்கு, ஒரு பொம்மைக் குழந்தையை நோயுற்றதாகப் பாவித்துச் சிகிச்சை செய்யும் பயிற்சி தரப்பட்டது. ஒவ்வொரு குழுவிலும் ஒரு மருத்துவரும் இரு செவிலியரும் இருந்தனர். சில குழுக்களிடம் ‘வெளிநாட்டு நிபுணர்’ ஒருவர், அந்நாட்டு மருத்துவத்தின் தரத்தைப் பற்றி இலேசான இழிவுரை கூறினார். ஏனைய குழுக்களிடம் இயல்பாகவே பேசினார். கத்தவில்லை, கருவியை வீசவில்லை. அந்தச் சிறு இழிவுரையே போதுமானதாயிற்று. அதனைக் கேட்ட குழுக்கள் நோயைக் கணிப்பதிலும் செய்முறைகளிலும் பின்தங்கின. தமக்குள் செய்தி பகிர்வதையும் உதவி கேட்பதையும் அவர்கள் குறைத்துக்கொண்டதே அதற்குப் பெருங்காரணம். அவமதிக்கப்பட்ட மனம் தன்னைக் காத்துக்கொள்வதிலேயே முனைகிறது. குழந்தையைக் காக்க அதற்கு மிச்சமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உலக நல்வாழ்வு நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. டெல்லியின் புனித ஸ்தேவான் மருத்துவமனை உட்பட எட்டு நகரங்களில் அதனைப் பயன்படுத்திப் பார்த்தனர். கத்தி வைக்குமுன் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லவேண்டும். கருவிகள் தூய்மையானவை என்பதைச் செவிலி உரக்க உறுதி செய்யவேண்டும். முடிவில் துணிகளும் ஊசிகளும் எண்ணிக்கை சரி என்று அவர் வாய்திறந்து சொல்லவேண்டும். 2009இல் முடிவுகள் வெளிவந்தன. இறப்பு விழுக்காடு 1.5இலிருந்து 0.8ஆகவும், பெரும் சிக்கல்கள் 11இலிருந்து 7ஆகவும் குறைந்தன. அப்பட்டியலில் உள்ளவை பலவும் பழைய வழக்கங்களே. பேச அஞ்சியவருக்குப் பேசும் கடமையை அது எழுத்தில் கொடுத்தது என்பதே அதன் புதுமை.

ராயப்பரின் வாள்

அறுவை மருத்துவர் மீது மட்டும் பழியைச் சுமத்தி நாம் நழுவிவிட விரும்பவில்லை. நள்ளிரவில் பிறர் உயிரைக் கையில் ஏந்தி நிற்பவரின் அச்சமும் களைப்பும் எத்தகையவை என்பதை வெளியில் நிற்கும் நாம் அறியோம். பல வேளைகளில் சினம் என்பது அச்சம் அணிந்துவரும் முகமூடியே. மேலும், மேலிருந்து விழும் வசை படியில் உருளும் பாத்திரம்போல் கீழே கீழே போகிறது. மருத்துவரிடம் திட்டு வாங்கிய செவிலி, ஆயாவைத் திட்டுகிறார். ஆயா, வாசலில் நிற்கும் நோயாளியின் மனைவியைத் திட்டுகிறார். உறவினராய்ச் செல்லும் நாமோ, மருத்துவர் முன் கைகட்டி நின்றுவிட்டு, ஊசி போட ஐந்து நிமிடம் தாமதித்த செவிலியை நாக்கூசாமல் ஏசுகிறோம். அவ்வேளையில் அவரும் நம் பங்கில் ஒருவரின் மகள் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலரான புனித கமில்லுஸ், இளமையில் முரட்டுப் படைவீரர், சூதாடி. உரோமையில் புனித யாக்கோபு மருத்துவமனையில் காலில் புண்ணோடு சேர்ந்து, அங்கேயே பணியாளராகி, சண்டைக் குணத்தால் வெளியேற்றப்பட்டவர். மனம் திரும்பிய பின் அதே மருத்துவமனைக்குத் திரும்பி வந்து அதன் கண்காணிப்பாளரானார். கைகளில் இன்னும் அதிகமான இதயம் வேண்டும் என்று தம் தோழரிடம் அவர் சொல்லிவந்ததாக அவருடைய சபையார் போற்றுவர். முரடன் திருந்தக்கூடும் என்பதற்கு மருத்துவமனையிலேயே பிறந்த சான்று அவர்.

நம் ராயபுரத்துக்குப் பெயர் தந்த புனித இராயப்பரின் வாழ்விலும் இதற்கொரு பாடம் உண்டு. கெத்சமனித் தோட்டத்தில் அவர் வாளை உருவினார். வெட்டுண்டது தலைமைக் குருவின் ஊழியன் மால்கூசின் காது. ஆளும் குரு தப்பினார், அடிபட்டவன் பணியாள். சினத்தின் வாள் எப்போதும் இப்படித்தான் விழுகிறது: கண்ணெதிரே நிற்கும் எளியவன்மீது. அன்று ஆண்டவர் குனிந்து அக்காதைத் தொட்டுக் குணப்படுத்தினார். கைது செய்யப்படும் நேரத்திலும் அவருக்கு அந்த ஊழியனின் காது முக்கியமாயிருந்தது. அதற்குச் சில நாழிகைக்கு முன்புதான் அவர் அதே இராயப்பரின் கால்களைக் கழுவியிருந்தார். தலைவன் செய்யத்தகாத தாழ்ந்த பணி என்று ஒன்று இல்லை என்பதை அத்தண்ணீர்ப் பாத்திரம் சொல்லிற்று.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11ஆம் நாளைத் திருச்சபை உலக நோயாளர் தினமாகக் கடைப்பிடிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992இல் இதனை ஏற்படுத்தினார். பல பங்குகளில் அன்று நோயாளருக்குத் திருப்பலியும் நோயில் பூசுதலும் நடைபெறுகின்றன, நன்று. அதனோடு ஒன்று சேர்ப்போமா? நம் பங்குகளில் வாழும் மருத்துவரையும் செவிலியரையும் ஆயாக்களையும் வார்டு பணியாளரையும் அன்று ஒரே பந்தியில் அமரவைப்போம். ஆண்டெல்லாம் ‘சார்’ என்றும் ‘சிஸ்டர்’ என்றும் மட்டுமே அழைத்துக்கொண்டவர்கள் ஒருவர் பெயரை மற்றவர் கேட்டறியட்டும். நர்சிங் படிக்கும் நம் பெண்களுக்குப் பணிவைக் கற்பிக்கும்போதே, எண்ணிக்கை குறையும் நேரத்தில் ‘தைக்காதீங்க’ என்று சொல்லும் துணிவையும் கற்பிப்போம். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கோ, அச்சொல்லைக் கேட்டதும் கையை நிறுத்தும் பணிவைக் கற்பிப்போம்.

டோல்கேட்டில் இன்று எவரும் சுங்கம் கேட்பதில்லை. ஆனால் அறுவை அரங்கில் வீசப்படும் ஒவ்வொரு கடுஞ்சொல்லுக்கும் சுங்கம் கட்டுபவன் ஒருவன் இருக்கிறான். வீசியவர் அதைக் கட்டுவதில்லை. வாங்கிய செவிலி பாதி கட்டுகிறார். மீதியை, மயங்கிக் கிடப்பவன் கட்டுகிறான். அவனுக்கு அப்போது நா இல்லை. ‘சகோதரி’ என்று நாம் அழைக்கும் அப்பெண்ணே அவன் நா. அதனை அறுக்காதிருப்போமாக.